மதுரையின் வாய்க்கால்கள் எதைக் கொண்டுவந்தன?

கட்டடக்கலை படிக்கும் கோவை மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டது இது: “பழைய நகரங்கள் பலவற்றுக்கு வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள். மதுரைக்கு அப்படி என்ன ஏற்பாடு இருந்தது? வைகையிலிருந்து தெப்பக்குளத்துக்கும் மீனாட்சி கோயிலுக்கும் சுரங்கக் கால்வாய் உண்டு என்கிறார்களே, அது உண்மையா? அவற்றைத் தூர்வாரினால் மறுபடி தண்ணீர் ஓடுமா?”

கடைசிக் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. ஆனால் முதல் கேள்வியைத் தெளிவாக்காமல் அங்கே போக முடியாது. மத்தியப் பிரதேசத்துப் புர்ஹான்பூரில் 1615ஆம் ஆண்டு வாக்கில் மலையடிவாரத்து நீரைச் சுரங்க வழியாக ஊருக்குள் கொண்டுவந்தார்கள். ஹம்பியில் கல் தூண்களின் மேல் கல் வாய்க்காலைத் தூக்கி நிறுத்தி அரண்மனைப் பகுதிக்கு நீர் ஓடவிட்டார்கள். தஞ்சாவூரில் சேவப்பநாயக்கன் ஏரியின் நீர் நிலத்தடிக் குழாய் வழியாகச் சிவகங்கைக் குளத்துக்குப் போனது. இவற்றைப் பார்த்துவிட்டு மதுரைக்கு வருகிறவர்கள் அதே மாதிரியான கட்டுமானத்தை இங்கேயும் தேடுகிறார்கள். கண்ணில் படாதபோது, ஆற்றங்கரையில் இருந்த ஊருக்கு எதற்கு வாய்க்கால் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

மதுரை குடித்தது கிணற்று நீரை. கோடையில் வைகை மணலைத் தோண்டி எடுத்த ஊற்று நீரை. வாய்க்கால் எதுவும் வீட்டு வாசலுக்கு வந்து குடத்தை நிரப்பவில்லை. வைகையில் வெள்ளம் வரும் சில வாரங்களில் அந்த நீரைப் பக்கவாட்டில் இழுத்து, கண்மாய் எனப்படும் ஏரிகளிலும் தெப்பக்குளங்களிலும் நிறுத்துவதுதான் வாய்க்கால்களின் வேலை. அங்கே நின்ற நீர் வயலுக்குப் பாய்ந்தது போக மிச்சம் மண்ணுக்குள் இறங்கியது. பங்குனியில் ஒரு பெண் கிணற்றில் வாளியை விட்டபோது வந்தது ஐப்பசி வெள்ளம். வாய்க்கால்கள் முதலில் நெல்லுக்காகத்தான் வெட்டப்பட்டன; நகரத்துக் கிணறுகள் அந்த நெல்லின் புண்ணியத்தில் ஊறின. மதுரையின் குடிநீர் ஏற்பாடு என்று நான் சொல்வது இந்தச் சுற்றுவழியைத்தான்.

ஏன் சுற்றுவழி? வைகையின் குணம் அப்படி. வருசநாட்டு மலைகளில் பிறந்து 258 கிலோமீட்டர் ஓடும் இந்த ஆறு, காவிரியைப்போல் மாதக்கணக்கில் ஓடும் ஆறாக ஒருபோதும் இருந்ததில்லை. மதுரைக்கு ஆண்டில் கிடைக்கும் மழை ஏறத்தாழ 850 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழையில் கொட்டித் தீர்ந்துவிடும். ஆற்றில் நீர் வருவதும் போவதும் திடீரென நடக்கும். வரும்போது பிடித்துக்கொள்ளாதவர்களுக்கு அடுத்த ஐப்பசிதான். அதனால் பாண்டிய நாட்டில் ஆற்றைவிடக் கண்மாய்க்கு மதிப்பு அதிகம். வைகையே கடைசியில் கடலுக்குள் போவதற்கு முன் ராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்பப் போகிற ஆறு. அதன் நீரில் பெரும்பங்கு வழியிலேயே இரு கரை வாய்க்கால்களாலும் எடுக்கப்பட்டுவிடும்.

மதுரைக்கு மேற்கே, இன்று நகருக்குள்ளேயே வந்துவிட்ட மாடக்குளம் கண்மாயை எடுத்துக்கொள்ளுங்கள். பாண்டியர் கல்வெட்டுகள் தலைநகரைக் குறிப்பிடும்போது “மாடக்குளக்கீழ் மதுரை” என்று எழுதுகின்றன. மாடக்குளத்தின் கீழுள்ள பகுதியில் அமைந்த மதுரை. ஒரு பேரரசின் தலைநகருக்கு முகவரி எழுதும்போது, அருகில் ஓடிய ஆற்றை விட்டுவிட்டுக் கண்மாயைச் சொல்லியிருக்கிறார்கள். அரசன் அமர்ந்து ஆணையிட்ட அரியணையின் இருப்பிடமும் இந்தக் கண்மாயின் பெயரோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. மதுரையின் நீர் எங்கே இருந்தது என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. அந்தக் கண்மாய்க்கு நீர் வந்தது வைகையிலிருந்து. கொடிமங்கலம் பக்கம் ஆற்றை விட்டுப் பிரியும் வாய்க்கால் கீழமாத்தூர், துவரிமான் என்று கண்மாய் கண்மாயாக நிரப்பிக்கொண்டு மாடக்குளத்துக்கு வந்து சேர்ந்தது.

ஆற்றில் மதகு போடும் வேலை மிகப் பழையது. வைகையில் கிடைத்த 7ஆம் நூற்றாண்டு வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று, பாண்டியன் சேந்தன் மதகு அமைத்து அதற்கு அரிகேசரியான் என்று பெயரிட்ட செய்தியைச் சொல்கிறது. மதகுக்குப் பெயர் வைக்கும் பழக்கம் அப்போதே இருந்திருக்கிறது என்பது எனக்குப் பிடித்த விவரம். பிற்காலத்தில் சோழவந்தானுக்கு மேற்கே பேரணையும் சிற்றணையும் வந்தன. மதுரையில் நாயக்கர் ஆட்சியைத் தொடங்கிய விசுவநாத நாயக்கரோடு அவற்றை இணைத்துச் சொல்வார்கள். அங்கிருந்து கிழக்கே வரவர, தென்கரையில் மட்டும் நிலையூர்க் கால்வாய், அவனியாபுரம் கால்வாய், அனுப்பானடி கால்வாய், சிந்தாமணிக் கால்வாய், பனையூர்க் கால்வாய் என்று வரிசையாகப் பிரிந்தன. நிலையூர்க் கால்வாயின் நீர்தான் திருப்பரங்குன்றத்தின் தென்கால் கண்மாய்க்கும் போகிறது. வடகரைக்கு வைகையின் தயவு குறைவு. அங்கே பாலமேட்டுப் பக்கமிருந்து வரும் சாத்தையாறு செல்லூர், வண்டியூர் கண்மாய்களை நிரப்பியது.

பம்பு இல்லாத காலத்தில் ஆற்று நீரை ஆற்றங்கரையைவிட உயரமான நிலத்துக்கு எப்படிக் கொண்டுபோனார்கள் என்று மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பதுண்டு. விடை சரிவில் இருக்கிறது. ஆறு தன் போக்கில் கிழக்கே இறங்கிக்கொண்டே போகிறது. அதைவிடக் குறைவான சரிவில் ஒரு வாய்க்காலை வெட்டினால், வாய்க்காலும் இறங்கத்தான் செய்யும், ஆனால் ஆற்றைவிட மெதுவாக இறங்கும். ஆறு கிலோமீட்டருக்கு ஒன்றரை மீட்டர் இறங்குகிறது, வாய்க்கால் அரை மீட்டர்தான் இறங்குகிறது என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். நான்கு கிலோமீட்டர் போனபிறகு வாய்க்காலின் தரை ஆற்றுத் தரையைவிட நான்கு மீட்டர் உயரத்தில் நிற்கும். ஊர் கிழக்கே இருந்தால், வாய்க்கால் ஆற்றிலிருந்து பிரியும் தலைவாயை மேற்கே வைக்க வேண்டும் என்பது இதனால்தான். மிகவும் சரிவாக வெட்டினால் உயரம் போய்விடும், கரையும் அரிக்கும். மிகவும் மட்டமாக வெட்டினால் நீர் தயங்கி நிற்கும், மணல் படிந்து மூடும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சரிவைக் கண்டுபிடித்து, மைல்கணக்கில், மேட்டைச் சுற்றி வளைந்து, அதைக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஒரு கல் கோபுரம் எழுப்பியவனைப் புகழ்கிற நாம், இந்த மட்டத்தைப் பார்த்தவனின் பெயரைக்கூடத் தேடியதில்லை.

ஆற்றிலிருந்து வாய்க்காலுக்குள் நீரைத் திருப்பச் சின்னச் சின்ன வாய்க்கால்களுக்குக் கல் அணை எதுவும் கிடையாது. வெள்ளம் வடிந்து ஆறு இளைத்ததும், மணலைக் குவித்து, நாணலும் தழையும் வைத்துக் கட்டி, ஆற்றில் சாய்வாக ஒரு திட்டுப் போடுவார்கள். ஓடுகிற கொஞ்ச நீரும் வாய்க்காலின் வாய்க்கு ஒதுங்கும். அடுத்த பெருவெள்ளம் அதை அடித்துக்கொண்டு போகும்; போகவேண்டும் என்றுதான் அப்படிக் கட்டினார்கள். உறுதியாகக் கட்டியிருந்தால் வெள்ளம் கரையை உடைத்து ஊருக்குள் வந்திருக்கும்.

கண்மாய்க்குள் நுழைந்த நீரைக் கையாண்ட விதமும் சொல்லவேண்டும். பாண்டிய நாட்டுக் கண்மாய்களில் கரையிலிருந்து சற்று உள்ளே, நீருக்கு நடுவே, இரண்டு கல் தூண்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் அடியில் இருப்பது குமிழித்தூம்பு. மேலே ஒரு துளை, அது நீரோடி. அதற்குக் கீழே, தரையை ஒட்டிச் சில துளைகள், அவை சேறோடி. மேல் துளையை அடைத்திருக்கும் கல்லைத் தூக்கினால் நீர் சுழித்து இறங்கும். அந்த இழுப்பில் அடியில் கிடக்கும் வண்டலும் சேறோடி வழியாகக் கலந்து வயலுக்குப் போகும். பாய்ச்சும்போதெல்லாம் கொஞ்சம் தூரும் வெளியேறிக்கொண்டிருந்தது. மடையைத் திறக்க ஆள் நீந்திப்போய் முங்கவேண்டும். வெள்ளக் காலத்தில் அது உயிரைப் பணயம் வைக்கிற வேலை. மடைக்குடும்பர், நீர்க்கட்டி என்று அதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். எந்த மடையை எத்தனை நாழிகை திறப்பது, யார் வயலுக்கு முதலில் என்பதெல்லாம் அவர்கள் வாய்ச்சொல்லில் நடந்தது.

இனி கிருதுமால் நதி. பெயரில் நதி; நாகமலைச் சரிவின் மழைநீரும் துவரிமான், மாடக்குளம் கண்மாய்களின் உபரியும் சேர்ந்து நகரின் தென்மேற்கில் நுழைந்து, கூடல் அழகர் கோயில் பக்கமாக வந்து, கீரைத்துறை, சிந்தாமணி வழியே தென்கிழக்கே வெளியேறும். வடக்கே வைகை, தெற்கே கிருதுமால் என்று இரண்டு நீர்க்கோடுகளுக்கு நடுவே பழைய மதுரை இருந்தது. பாகவதத்தில், திராவிட நாட்டு அரசன் சத்தியவிரதன் நீர்க்கடன் செய்யும்போது கைக்குள் மீன் வந்த கதை கிருதமாலா ஆற்றில்தான் நடக்கிறது. நகரத்தார் சாக்கடை என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற ஓடைக்கு அவ்வளவு பழைய பெயர். நீரோட்டத்தில் பார்த்தால் அதன் வேலை இன்னும் முக்கியமானது: மேல் கண்மாய்களின் உபரியை நகருக்குள் வெள்ளமாக விடாமல் வாங்கி, நகரத்தின் தெற்குப் பகுதி முழுவதும் நிலத்தை நனைத்து, சிவகங்கை, விருதுநகர், ராமநாதபுரம் மாவட்டக் கண்மாய்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது. டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் நெடுங்காலம் கடைகளுக்குப் பின்னால் மறைந்துகிடந்த கூடல் அழகர் தெப்பமும் கிருதுமாலில் நீர் ஓடிய காலத்தில் நிரம்பிய குளம்தான்.

இப்போது கிருதுமாலுக்கு நீர் விடுகிறார்களே என்று நீங்கள் செய்தித்தாளில் படித்திருக்கலாம். அது நகருக்குக் கிழக்கே உள்ள விரகனூர் மதகணையிலிருந்து விடப்படும் நீர். கீழ்ப்பகுதி விவசாயிகளுக்கு அது கட்டாயம் வேண்டும், அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் நகரத்துக்குள் வரும் மேல்பகுதிக்கு அதனால் ஒரு சொட்டும் இல்லை. அங்கே வீட்டுக் கழிவுநீர்தான் ஓடுகிறது.

அடுத்து உங்கள் சுரங்கக் கால்வாய். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைப் பொறுத்தவரை அது உண்மை. திருமலை நாயக்கர் 1645ஆம் ஆண்டு அமைத்ததாகச் சொல்லப்படும் இந்தத் தெப்பத்துக்கு, வைகையிலிருந்து பிரியும் பனையூர்க் கால்வாயோடு நிலத்தடி இணைப்பு இருக்கிறது. ஆற்றில் நீர் ஓடினால் கால்வாயில் ஏறி, மூடிய வழியாகத் தெப்பத்துக்குள் இறங்கும். இதில் மர்மம் எதுவும் இல்லை. சாலைக்கும் வீடுகளுக்கும் அடியில் நீரைக் கொண்டுபோக யாரும் செய்கிற காரியம். மீனாட்சி கோயிலுக்குச் சுரங்கக் கால்வாய் என்பதை ஊர்ப்பேச்சாக விட்டுவிடுங்கள். பொற்றாமரைக் குளத்தின் அளவு 165 அடிக்கு 120 அடி. தெப்பக்குளமோ ஏறத்தாழ 1000 அடிக்கு 950 அடி. பரப்பில் கிட்டத்தட்ட ஐம்பது மடங்கு வித்தியாசம். ஒன்றை மழையும் நிலத்தடி ஊற்றும் காப்பாற்றிவிடும். மற்றதற்கு ஆறே வரவேண்டும்.

நிலத்தடியில் நீர் செலுத்தும் தொழில்நுட்பம் மதுரைக்குப் புதியதும் இல்லை. நகருக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டரில் இருக்கும் கீழடியில் ஒன்றோடொன்று செருகிய சுடுமண் குழாய்களும் உறைகிணறுகளும் வெளிப்பட்டிருக்கின்றன. பரிபாடலில், பெருமழையின்போது கூடல் நகரின் மதிலிலிருந்து சுருங்கை வழியாகப் பாயும் நீரை, யானை துதிக்கையால் பீய்ச்சும் நீரோடு ஒப்பிடும் இடம் உண்டு. கவனியுங்கள், அந்தச் சுருங்கை நீரை உள்ளே கொண்டுவரவில்லை, வெளியே தள்ளுகிறது. வரத்துக்கு எவ்வளவு கவலைப்பட்டார்களோ அவ்வளவு போக்குக்கும் பட்டிருக்கிறார்கள்.

தெப்பக்குளத்தின் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள், கால்வாயின் அருமை புரியும். ஓர் அடி உயரத்துக்கு நீர் நிற்க ஏறத்தாழ 9.5 லட்சம் கன அடி வேண்டும். கால்வாயில் விநாடிக்கு 10 கன அடி வருவதாக வைத்துக்கொண்டால், அந்த ஓர் அடிக்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும். பதினைந்து அடி ஏற இரண்டு வாரம் தாண்டும். மண் குடிப்பதையும் வெயில் குடிப்பதையும் சேர்த்தால் இன்னும் நீளும். ஒரு நாள் வெள்ளத்தில் நிரம்பும் குளம் அல்ல இது. ஆறு இளைத்து ஓடும் நாட்களிலும் விடாமல் நீர் ஏறியாகவேண்டும். தைப்பூசத்துக்குத் தெப்பத்தேர் ஓடவேண்டுமானால் கார்த்திகையிலிருந்தே கால்வாயில் நீர் இருக்கவேண்டும். பல ஆண்டுகள் அது வரவில்லை. குளத்துக்குள் சிறுவர்கள் கிரிக்கெட் ஆடினார்கள். திருவிழா, தேர் நீரில் ஓடாத நிலைத்தெப்பமாக நடந்தது.

ஏன் வரவில்லை என்பதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணங்கள் ஆக்கிரமிப்பும் குப்பையும். இரண்டும் உண்மை. அவற்றைவிடப் பெரிய காரணம் ஆற்றுக்குள் இருக்கிறது. வைகையின் மணல் போய்விட்டது. 1959இல் வைகை அணை திறக்கப்பட்டபிறகு மேலிருந்து வரும் மணல் அணைக்குள் நின்றுவிட்டது. கீழே இருந்த மணலைப் பல ஆண்டுகளாக அள்ளினார்கள். ஆற்றின் தரை இறங்கியது. தலைவாயோ பழைய உயரத்திலேயே இருக்கிறது. நீர் கீழே ஓடுகிறது, வாய்க்காலின் வாய் அதற்கு மேலே வறண்டு நிற்கிறது. முன்பு சொன்ன கணக்கையே மறுபடி எடுங்கள்: ஆறு இரண்டு மீட்டர் இறங்கினால், அதே நிலத்துக்கு நீர் பாய்ச்சத் தலைவாயை இரண்டு கிலோமீட்டர் மேற்கே தள்ளவேண்டும். நகரத்துக்குள் யார் இடம் கொடுப்பார்கள்? மறுபக்கம், வாய்க்காலின் தரை குப்பையாலும் மேலே மேலே போட்ட கட்டுமானத்தாலும் உயர்ந்துவிட்டது. கண்மாயின் தரை வண்டலால் உயர்ந்துவிட்டது. ஆறு பள்ளமாகவும் வாய்க்கால் மேடாகவும் ஆன இடத்தில், எத்தனை கோடி செலவிட்டுத் தூர்வாரினாலும் நீர் மேடேறாது.

மணல் போனதில் இன்னொரு இழப்பும் உண்டு. ஆற்று மணல் ஒரு நீர்த்தொட்டி. வெள்ளம் வடிந்தபின்னும் மாதக்கணக்கில் மணலுக்குள் நீர் நின்றது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மதுரைக்குக் குழாய் நீர் வந்தபோதுகூட அது வைகை மணலுக்கடியிலிருந்து எடுத்த நீர்தான். கால்வாய்க்கும் கிணற்றுக்கும் குழாய்க்கும் பொதுவாக இருந்த ஒரே மூலதனத்தை நாம் லாரியில் ஏற்றிவிட்டோம். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருவதை மறைக்க விரும்பவில்லை.

வரலாற்றில் இன்னும் சில திருப்பங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்க்கவைத்தார். வெளி வீதிகளும் பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும் அப்படி உண்டானவை. நகரைச் சுற்றி நின்ற நீர் அன்றோடு போனது. 1895இல் பென்னிகுயிக் கட்டிய பெரியாறு அணை மேற்கே ஓடிய நீரைச் சுரங்கம் வழியாக வைகைப் படுகைக்குத் திருப்பியது. அது இல்லாமல் இன்றைய மதுரையை நினைத்துப் பார்க்கவே முடியாது. ஆனால் பேரணையிலிருந்து புறப்பட்ட புதிய பெரியாறு பிரதானக் கால்வாய் மேலூர்ப் பக்கத்தைச் செழிக்கவைத்தபோது, நகரை ஒட்டிய பழைய வாய்க்கால்கள் கவனிப்பாரில்லாமல் போயின. வைகை அணை வந்தபின் பழைய பாசனத்துக்கு ராமநாதபுரம் 7, சிவகங்கை 3, மதுரை 2 என்று பங்கு வகுக்கப்பட்டது. அந்த 2 பங்கில்தான் நான் மேலே சொன்ன வாய்க்கால்கள் எல்லாம் உயிர் வாழ்கின்றன.

பராமரிப்பு யார் கையில் இருந்தது என்பதும் முக்கியம். பிட்டுக்கு மண் சுமந்த கதை எல்லோருக்கும் தெரியும்: வைகை உடைத்துக்கொண்டது, வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தன் பங்குக் கரையை அடைக்கவேண்டும், வந்திக்கு ஆள் இல்லை, சொக்கர் கூலியாளாக வந்தார். பக்திக் கதை என்று மட்டும் இதைப் படிக்கிறவர்கள், அதற்குள் இருக்கும் முறையைக் கவனிக்கத் தவறுகிறார்கள். கரையை ஆளுக்கு இத்தனை முழம் என்று அளந்து பங்கு பிரித்திருக்கிறார்கள்; தனித்து வாழும் கிழவிக்கும் பங்கு உண்டு. அதுதான் குடிமராமத்து. ஆங்கிலேயர் வந்தபிறகு கண்மாய் அரசாங்கத்துச் சொத்து, வரி அரசாங்கத்துக்கு, வேலை மட்டும் ஊராருக்கு என்றானது. ஊரார் விலகினார்கள். 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றை மதராஸ் அரசு கொண்டுவந்தும் அந்த முறையைப் பழையபடி நிறுத்த முடியவில்லை. 2017இல் தமிழக அரசு அதே பெயரில் திட்டம் தொடங்கியது. அதில் பெருமளவு மண் அள்ளப்பட்டது. மடையைத் திறந்து மூடுகிற ஆள் திரும்பி வரவில்லை.

வாய்க்கால் போனால் வறட்சி மட்டும்தான் வரும் என்று நினைக்கவேண்டாம். 2024 அக்டோபர் மாதக் கடைசியில் மதுரையில் கொட்டிய மழையில் செல்லூர்ப் பகுதி மூழ்கியது நினைவிருக்கும். செல்லூர்க் கண்மாயின் உபரியை வைகைக்குக் கொண்டுபோகும் பந்தல்குடி கால்வாய்க்கு அந்த நீரைத் தாங்கும் அகலம் இல்லை. கண்மாய்க்கு நீர் வரும் வரத்துக்கால் ஒன்று, உபரி வெளியேறும் மறுகால் ஒன்று. வரத்துக்காலை மூடினால் கிணறு வற்றும். மறுகாலை நெருக்கினால் வீடு மூழ்கும். மதுரையில் இரண்டையும் செய்தோம், அதனால் இரண்டையும் அனுபவிக்கிறோம்.

சரி, மறுபடி ஓடுமா? ஓடும். தெப்பக்குளத்தில் அது நடந்தே இருக்கிறது. அண்மை ஆண்டுகளில் வைகையில் தடுப்பணை கட்டி நீர்மட்டத்தை உயர்த்தி, பனையூர்க் கால்வாயைச் சீராக்கி நீர் விட்டதும் தெப்பம் நிரம்பியது. தேரும் நீரில் ஓடியது. சுற்றுப்பகுதியில் வசிக்கிறவர்களைக் கேளுங்கள், ஆழ்குழாயில் நீர் மேலே வந்ததைச் சொல்வார்கள். இழந்த மட்டத்தைத் திருப்பிக் கொடுத்ததும் பழைய வாய்க்கால் தன் வேலையைச் செய்தது. எனக்கு இது பெரிய நம்பிக்கை.

ஆனால் அதையே எல்லா இடத்திலும் அப்படியே செய்யச் சொல்லமாட்டேன். தெப்பத்துக்கு நீர் எடுக்கும் இடம் நகருக்குள் இருக்கிறது. அதற்கு மேலே பல இடங்களில் கழிவுநீர் ஆற்றில் கலக்கிறது. தடுப்பணை நல்ல நீரை மட்டும் பார்த்து நிறுத்தாது; ஆற்றில் வரும் எதையும் நிறுத்தும். அணையிலிருந்து நீர் திறந்துவிடும் நாட்களில் பிரச்சினை இல்லை, மற்ற நாட்களில் ஆகாயத்தாமரை மூடிய கழிவுக்குட்டைதான் நிற்கும். கழிவுநீர் கலக்கும் வாய்களை அடைக்கும் வேலையும் தடுப்பணையும் ஒன்றாக நடக்கவேண்டும். முடிந்த இடத்தில் நகருக்கு மேற்கே, கோச்சடைக்கும் மேலே, நீரை எடுத்துவிடுவது மேல்.

இரண்டாவது, கான்கிரீட். நகரத்தின் பல வாய்க்கால்களில் பக்கச்சுவரோடு தரையையும் சேர்த்துக் கான்கிரீட் போட்டுவிட்டார்கள். நீர் வேகமாக ஓடும் என்பது வாதம். வேகமாக ஓடிப்போவதற்காகவா அந்த வாய்க்கால்? வழியெங்கும் மண் குடித்ததால்தான் அதன் இரு கரையிலும் கிணறுகள் ஊறின. கரை சரியாமல் இருக்கச் சுவர் எழுப்புங்கள். தரையை மண்ணாகவே விடுங்கள். அகலம் இல்லாத இடத்தில் ஆழப்படுத்துகிறேன் என்று தோண்டுவதும் ஆபத்து, ஏனென்றால் கண்மாயின் வாயைவிட வாய்க்கால் தாழ்ந்தால் நீர் அங்கேயே தேங்கிவிடும்.

மூன்றாவது, என் பார்வையில் முதலில் செய்யவேண்டியது: மட்டம் பார்ப்பது. கொடிமங்கலத்திலிருந்து மாடக்குளம் வரையும், மாடக்குளத்தின் மறுகாலிலிருந்து கிருதுமால் வழியாகச் சிந்தாமணி வரையும், ஆற்றுத் தரை, தலைவாய், வாய்க்கால் தரை, மடை, உபரி வழியும் கலுங்கு என்று ஒவ்வொன்றின் உயரத்தையும் அளந்து ஒரே வரைபடத்தில் போடவேண்டும். எங்கே எத்தனை சென்டிமீட்டர் தடை என்று அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மண் அள்ளும் இயந்திரத்தை அதற்குப் பிறகு கொண்டுவரலாம். உங்களைப்போன்ற மாணவர்கள் ஒரு விடுமுறையில் செய்யக்கூடிய வேலை இது, கல்லூரியில் கருவியும் இருக்கும்.

நீங்கள் நேரில் வந்து பார்ப்பதாக இருந்தால், கோடையில் வராதீர்கள். வைகை அணையிலிருந்து பழைய பாசனத்துக்கு நீர் திறக்கும் செய்தி வந்ததும் கிளம்புங்கள். பெரும்பாலும் அது பருவமழைக் காலத்தை ஒட்டி இருக்கும். பெரியார் பஸ் நிலையத்திலிருந்து மேலக்கால் சாலையில் கொடிமங்கலம் வரை போய், அங்கிருந்து வாய்க்கால் கரையோடு கிழக்கே திரும்பி நடந்து வாருங்கள். துவரிமானில் நீர் கண்மாய்க்குள் இறங்கும் இடத்தையும் மாடக்குளத்தின் கரையையும் பாருங்கள். பிறகு கிருதுமாலைக் கூடல் அழகர் கோயில் பக்கத்தில் ஒருமுறை எட்டிப் பாருங்கள், நாற்றத்துக்குத் தயாராக. கடைசியாக முனிச்சாலை வழியே தெப்பக்குளத்துக்குப் போய், பனையூர்க் கால்வாயின் நீர் உள்ளே வரும் வாயைத் தேடிக் கண்டுபிடியுங்கள். சுற்றிலும் கடை வைத்திருப்பவர்களிடம் கேட்டால் காட்டுவார்கள். போகும் இடமெல்லாம் வயதானவர்களிடம் வீட்டுக் கிணறு எந்த ஆண்டு வற்றியது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஆண்டுகளை வாய்க்கால் நின்ற ஆண்டுகளோடு வைத்துப் பார்த்து எனக்கும் எழுதுங்கள்.